இரண்டாவது இசைத்தட்டு

இசைத்தட்டு சேகரிக்கிறவர்களை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். நானும் கொஞ்ச காலம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

வெள்ளைக்காரர்கள் கண்டோன்மெண்டைக் காலி செய்துகொண்டு போனபோது அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நான் குடியிருந்த மர்பி டவுனிலிருந்து சைக்கிளில் போய் ஒரு பழைய கிராமபோனும் அதோடு கிடந்த ஒற்றை இசைத்தட்டும் வாங்கி வந்தேன். இருநூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு ஜெர்மன் தேவாலய இசைக்காரர் எழுதியது. தனி வயலின். மைக் வருவதற்கு முந்தைய காலத்தில் யாரோ ஒருவர் ஒலிப்பதிவுக் கூம்புக்கு எதிரே நின்று வாசித்திருந்தார். பக்கத்து வீட்டு வானொலி, குழாயடிச் சண்டை எல்லாவற்றையும் மீறி அந்த வில் என்னைப் பிடித்து இழுத்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஓடினால் வாசிப்பு பாதியில் நின்றுவிடும். மீதி இரண்டாவது தட்டில்.

அது பக்கத்துக் காக்ஸ் டவுனில் ஒரு தமிழ் டாக்டரிடம் இருந்தது. அவரிடம் முதல் தட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகளுக்கு அலமாரியைத் திறந்து லேபிளை மட்டும் காட்டுவார். போட்டுக் கேட்கமாட்டார், ஊசி பட்டால் தேய்ந்துவிடுமாம். கள்ளி முள்ளைச் சீவி ஊசியாக்கிக்கொண்டு போய் நின்றேன்.

“இது பிளேட்டைத் தேய்க்காது சார். ஒரே ஒரு வாட்டி.”

“உன்னோடதைக் குடுத்துடு, போடறேன்” என்றார்.

வருடக்கணக்கில் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் முடிவைக் கேட்காமல் முடியாது என்றாகிவிட, கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார், துடைத்தார், மற்றதோடு சேர்த்து வைத்துப் பூட்டினார்.

“செட்டு முழுசாயிடுச்சுப்பா. இனிமே இதுல ஊசியே படக்கூடாது.”

என்ன ஜென்மமோ! அதற்குப் பிறகும் வெட்கமில்லாமல் போய்ப் போய்க் கேட்டேன். “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார்.

பிறகு ஒரே தட்டில் முழுக் கச்சேரியும் அடங்குகிற எல்.பி. வந்தது. ஒருநாள் போனபோது வராந்தாவில் வரிசையாகக் கறுப்புப் பூந்தொட்டிகள், உள்ளே குரோட்டன்ஸ்.

“பழைய பிளேட்டை வெந்நீர்ல போட்டா அப்படியே மடங்குது. தண்ணி வடியறதுக்கு ஓட்டையும் ரெடியா இருக்கு பாரு. எங்க வீட்டம்மா ஐடியா” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அதே பாட்டு எல்.பி.யில முழுசா இருக்குப்பா. வேற ஆளு வாசிச்சது. உக்காரு, போடறேன்” என்றார். இந்த முறை ‘அடுத்த வாரம்’ இல்லை.

நான் உட்காரவில்லை. தொட்டி தொட்டியாகக் குனிந்து லேபிளைத் தேடினேன். ஈர மண் ஒட்டியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. செடியைப் பிடுங்கி அவர் வீட்டுத் தரையிலேயே போட்டுவிட்டு, அந்த இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் பின்னால் ஏதோ கத்தினார்.

ஊசி ஓடவேண்டிய ரேகைகள் இன்னும் அந்த மடங்கிய தட்டில் அப்படியே இருக்கின்றன. கூம்புக்கு எதிரே நின்ற அந்த மனிதர் எப்படி வாசித்து முடித்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.