பாடுறவர் இல்லாத அல்பம்

சீடிக் கடைக் கவுண்டரிலை நிண்டவைக்குத் தெரியும், ஆக்கள் பேரைச் சொல்லிக் கேக்கமாட்டினம். ரெண்டு வரியை முணுமுணுத்துக் காட்டிப்போட்டு எங்கடை வாயைப் பாத்துக்கொண்டு நிப்பினம். தொண்ணூறுகளிலை ரொறன்ரோவிலை நானும் அப்பிடி நிண்டு சீரழிஞ்சனான். முணுமுணுக்கவே ஏலாத ஒரு அல்பம் வந்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்லப்போறன்.

ஆர் செத்தது?

எங்கடை மனேஜர் டேவுக்கு இங்கிலாந்துக் குறூப் ஒண்டிலை பைத்தியம். நாலு பேர். பாட்டே இல்லை, கிற்றாரும் ட்ரம்ஸும்தான். ஒரு உருப்படி பதினைஞ்சு நிமிஷம் போகும். அதிலை முதல் பத்து நிமிஷமும் பக்கத்து வீட்டிலை ஆரோ விக்கி விக்கி அழுற மாதிரி. புது அல்பம் வந்த அண்டைக்குக் காலமை ஸ்பீக்கரிலை போட்டவர், கடை பூட்டுமட்டும் நிப்பாட்டேல்லை. எனக்கெண்டால் மத்தியானச் சோறே இறங்கேல்லை.

கிறிஸ்மஸ் பாட்டு வாங்க வந்த ஒரு வயசான வெள்ளைக்காரி என்ரை கையைப் பிடிச்சு, கடையிலை ஆரும் மோசம் போட்டினமோ எண்டு மெதுவாய்க் கேட்டவ. டேவ் முந்திக்கொண்டு மறுமொழி சொன்னவர்: "ஒருத்தரும் சாகேல்லை மேடம், இது அவையின்ரை போன அல்பத்தை விடச் சந்தோஷமானது."

காருக்கு ஒண்டு

அடுத்த கிழமை நடராசா அங்கிள் வந்தவர், மோர்னிங்சைடிலை இருந்து. என்ரை சட்டையிலை 'சுமதி' எண்ட பேரைக் கண்டதும் தமிழிலை துவங்கியிட்டார். மகள் தர்ஷினி அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கேக்கிற சீடி வேணுமாம். பேர் தெரியாது, மட்டையிலை பனி மூடின கடலும் ஒரு வெறுங் கதிரையுமாம். வேறை எது, டேவின்ரை அல்பந்தான்.

கடை ஹெட்போனைக் காதிலை மாட்டிவிட்டன். எட்டு நிமிஷம் பொறுத்துப் பாத்தவர், ஒரு பக்கத்தைத் தூக்கி, பாடுறவர் எப்ப வருவார் எண்டார். வரமாட்டார் அங்கிள் எண்டன். உள்ளுக்கிருந்த தாளையும் விரிச்சுப் பாத்தார், அதிலையும் ஒரு சொல் இல்லை. மகளின்ரை மனசிலை என்ன கிடக்கு எண்டு அதிலையாவது வாசிச்சு அறியலாம் எண்டு வந்த மனிசன் பாவம். மனைவி மாரடைப்பிலை போய் ஒரு வருஷம். செத்தவீட்டிலை அவர் அழேல்லை; ஐயரைக் கூட்டியரவும் வந்த சனத்துக்குக் கதிரை போடவும் அவரை விட்டால் ஆள் இல்லை. "உங்களுக்கு அம்மாவிலை பாசமே இல்லை" எண்டு மகள் ஒருநாள் சொல்லிப்போட்டாளாம். அதுக்குப் பிறகு 'சாப்பிட்டியோ', 'ஓம்', அவ்வளவுதான் வீட்டுக் கதை.

இருந்தாலும் நியாயத்தைச் சொல்லவேணுமே. மகளிட்டை இருக்கிறதுதானே, ஏன் ரெண்டாவது எண்டு கேட்டன். "அவள் அறைக்குள்ளை கேக்கட்டும் பிள்ளை, நான் காருக்குள்ளை கேக்கிறன்."

பிரிட்ஜ் கதவு

பனி கரைய, அந்தக் குறூப் ரொறன்ரோவுக்கு வருது எண்ட அறிவித்தல் வந்தது. ஞாயிறு பின்னேரம், ரிக்கெற் எங்கடை கவுண்டரிலை. அங்கிளின்ரை கேள்விகள் இருக்கே! ஆர் தலைமை தாங்கிறது? முன்வரிசை ஆருக்கு? கதிரையே இல்லை, நிண்டுதான் பாக்கவேணும் எண்டதும் மனிசன் ஆடிப்போட்டார். எண்டாலும் ரெண்டு ரிக்கெற் வாங்கினவர். மகளிட்டை வாயாலை கேக்கப் பயம். பிரிட்ஜ் கதவிலை காந்தத்தாலை ஒட்டிவிட்டாராம்.

நாலு நாளுக்குப் பிறகு கடைக்குப் போன் வந்தது. "ஒண்டைக் காணேல்லை பிள்ளை. அப்ப வாறாள்."

பொன்னாடை

கச்சேரி அண்டைக்கு மண்டபத்துக்குள்ளை, வாசலடியிலை சீடி மேசை எங்கடை கடையின்ரை. கிழிஞ்ச ஜீன்ஸ் பெடியளுக்கு நடுவிலை கோட்டும் சூட்டுமாய் அங்கிள் வாறார், கையிலை ஒரு பை. எட்டிப் பாத்தால், ஜெராட் தெருவிலை வாங்கின பொன்னாடை! எங்கடை இடத்துக்கு வந்த கலைஞரை வெறுமனே அனுப்பலாமோ எண்டு என்னைக் கேக்கிறார். தர்ஷினி ஆரோ எவரோ எண்ட மாதிரி பத்தடி தள்ளி நிண்டவள்.

அந்த நாலு பேரும் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிச்சினம். மூண்டாவது உருப்படி மெதுவாய்த் துவங்கி, ஏறி ஏறி, மண்டபம் அதிர, சட்டெண்டு ஓய்ஞ்சது. திரும்பிப் பாத்தன். அங்கிள் குலுங்கிக் குலுங்கி அழுறார். தர்ஷினியும் கண்டிட்டாள். பத்தடியும் நடந்து வந்து அவரின்ரை கையைப் பிடிச்சாள்.

முடிய, கிற்றார்க்காரர் மேசையடிக்கு வந்தவர். அங்கிள் பையை என்ரை காலடியிலை தள்ளிவிட்டு, வேண்டாம், மகளுக்கு வெக்கமாயிருக்கும் எண்டார். அவள் குனிஞ்சு அதை எடுத்து, ஒரு தலைப்பைத் தேப்பனிட்டைக் குடுத்தாள். ரெண்டு பேருமாய்ப் போர்த்திவிட்டினம். அந்த வெள்ளைக்காரர் கூச்சத்திலை சிவந்து, இது எதுக்கு எண்டு கேட்டார். தர்ஷினி இங்கிலிஷிலை சொன்னவள்: "என்ரை அப்பாவை அழவைச்சதுக்கு."

அடுத்தநாளே ஹெட்போனுக்குப் பக்கத்திலை ஒரு ரிஷ்யூப் பெட்டி வைப்பம் எண்டு டேவைக் கேட்டனான். பிறகு ஆக்கள் சீடி வாங்காமல் அழுதிட்டு மட்டும் போயிடுவினம் எண்டு மனிசன் விடேல்லை.