ஏழாவது வீட்டின் வழியாக ஒரு சாலை

நகரத் திட்டமிடல் பட்டப்படிப்பில் நான் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. திருவள்ளூருக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. "அது இன்னாமா படிப்பு? ஊடு கட்றதா, ரோடு போடறதா?" என்று அப்பா கேட்டார். "எது எங்க வரணும்னு முடிவு பண்றதுப்பா" என்றேன். அந்தப் பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாம் ஆண்டில் எங்கள் வகுப்புக்குப் புதுவாயல் கூட்டுரோட்டைச் சுற்றியுள்ள பகுதியைக் கொடுத்தார்கள். கம்பெனிகளுக்குப் போகும் லாரிகளால் அங்கே எப்போதும் நெரிசல். அதைக் குறைக்க ஆளுக்கொரு திட்டம் வரைய வேண்டும். வெறும் வகுப்புப் பயிற்சிதான். மதிப்பெண் போட்டதும் தாள்கள் அலமாரிக்குப் போய்விடும்.

கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனோம். நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரே வரிசையில் பதினோரு வீடுகள் இருந்த தெரு என் பங்குக்கு வந்தது. ஒரு காலத்தில் வயல் வேலைக்குப் போன குடும்பங்கள். இப்போது எல்லோருமே கம்பெனி வேலை. ஏழாவது வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்டு வேலை. என் அப்பா வயது இருக்கும், ஆனால் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். இருபது வயதில் அது போதை மாதிரி இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய வரைபடம். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வீட்டின் பக்கவாட்டில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, செங்கல் அடுக்கி வைத்திருந்தார்.

"பாத்ரூம் கட்டப் போறோம் மேடம். பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்குது. தெருக்கோடில இருக்கறதுக்குத்தான் எல்லாரும் போய்க்கினு இருக்கோம். அதுல கதவு சரியில்ல."

நான் வரைபடத்தைத் திண்டு போலிருந்த அந்தச் செங்கல் அடுக்கின் மேல் விரித்தேன். முந்தின வாரம்தான் நெடுஞ்சாலையிலிருந்து கம்பெனிகளுக்கு நேராக ஓர் இணைப்புச் சாலையைச் சிவப்பு நிறத்தில் இழுத்திருந்தேன். அது அவருடைய வீட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனது.

"இங்க கட்டாதீங்கண்ணா" என்றேன். "இதுல ரோடு வருது."

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். "எப்ப மேடம்?"

"பிளான் முடிஞ்சதும்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக எனக்கு அப்போது படவில்லை. என் திட்டத்தில் அது வரத்தான் போகிறது என்று நினைத்தேன். அவர் என் எண்ணை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி எனக்கு மோர் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, பேராசிரியர் என் தாளைப் பார்த்துவிட்டு, "வீடுகள் மேல ஏம்மா போற? கால்வாய் ஓரமாத் திருப்பு" என்றார். கணினியில் கோட்டைப் பிடித்து இழுத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. அந்த வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். ஏழாவது வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் படவே இல்லை. அவர் இரண்டு முறை போன் செய்தார். 'சர்வே புதுவாயல்' என்று திரையில் வந்தது. ஒரு முறை தேர்வு நேரம். இன்னொரு முறை சும்மாதான் இருந்தேன், எடுக்கவில்லை.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தொழிலாளர் குடியிருப்பு என்று தலைப்பு எடுத்தேன். பேட்டிக்கு ஆள் தேவைப்பட்டபோது முதலில் அவர்கள் நினைவு வந்தது. நல்ல மனிதர்கள், பேசுவார்கள் என்று.

போய் நின்றபோது குழி அப்படியே இருந்தது. உள்ளே புல் முளைத்திருந்தது. செங்கற்கள் பாசி பிடித்துக் கறுத்துப் போயிருந்தன. அண்ணன் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"வாங்க மேடம். ரோடு எப்ப வருது? அளக்க வந்தீங்களா?"

"அண்ணா, நீங்க இன்னும் கட்டலையா?"

"நீங்கதான சொன்னீங்க. கட்டிட்டு இடிக்கணும்னா பேஜாரு இல்லியா. அதான் உட்டுட்டேன்."

அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். "பொண்ணு சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல. அங்க போவணுமேன்னு பயம். நீர்க்கடுப்பு வந்து ரெண்டு தபா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன்."

அந்தப் பெண் உள்ளே கட்டிலில் புத்தகத்தோடு இருந்தாள். நான் வந்ததைப் பார்த்தாள், பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

நான் நின்றபடியே சொன்னேன். ரோடு எதுவும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, அது என் பாடத்துக்கு நான் வரைந்தது, அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதையும் அப்போதே மாற்றிவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை, நீங்கள் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

அண்ணன் குழியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ரோடு கேன்சல் ஆயிடுச்சா மேடம்?"

"கேன்சல் இல்லண்ணா. அது மார்க்குக்காக..."

"மேலிடத்துல மாத்திட்டாங்களா? பரவால்ல, நீங்க இன்னா பண்ணுவீங்க. வந்து சொன்னீங்களே, அதுவே பெரிசு."

எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்கு அது ஏறவில்லை. அவ்வளவு பெரிய தாள், அத்தனை நிறம், வீட்டுக்கு வீடு எண். அதெல்லாம் ஒரு பெண் மதிப்பெண் வாங்குவதற்காக என்று அவரால் நம்ப முடியவில்லை. ஆனால் அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மார்க்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுக்கா."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பையிலிருந்த கேள்வித்தாளை வெளியே எடுக்கவே இல்லை. அந்தத் தெருவையே ஆய்விலிருந்து விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தேன். கட்டி முடித்துவிட்டாராம், கதவும் போட்டாயிற்றாம். சந்தோஷமாகச் சொன்னார். மகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா கீது மேடம்" என்றார். அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அது வேலையா கீது மேடம்" என்றார்.

இப்போது நான் திட்டமிடல் வேலையில்தான் இருக்கிறேன். கணக்கெடுப்புக்குப் போகுமிடத்தில் வரைபடத்தை யாரிடமும் விரித்துக் காட்டுவதில்லை. அது நேர்மையா, பயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மக்களிடம் காட்டாமல் அவர்கள் ஊரை வரைவதும் தப்புதானே என்று சில நாள் தோன்றும்.