ஆ வைத்தியர்

"மூச்சை இழுங்க. இப்ப மெதுவா 'ஆ'ன்னு விடுங்க. இருமக் கூடாது." மைக்கைத் துடைத்தபடியே சொல்கிறார். எதிரே முட்டிவலிக்காரர் ஒருவர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறார். கணினித் திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் துள்ளுகின்றன. "பாத்தீங்களா, உங்க குரல்ல ஒரு சுரத்தைக் காணோம். அதான் முட்டி பிடிக்குது." காணாமல் போன சுரத்தை ஹெட்போனில் கேட்கவைத்து அனுப்புவார்.

தெருவில் இவருக்கு 'ஆ வைத்தியர்' என்று பெயர். எனக்குத் தங்கை கணவர். வாடகை அறை, எதிரொலிக்கக் கூடாதென்று சுவரெல்லாம் முட்டை அட்டை. சத்தம் ஆகாதென்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். வந்தவர்கள் வியர்த்து வழிந்தால், "நச்சு வெளியேறுது" என்பார்.

ஏமாற்றுக்காரனாக இருந்தால் சொந்த வீட்டையாவது விட்டுவைத்திருப்பார். இந்த மனிதர் நம்பித் தொலைக்கிறாரே! பல்வலியில் தாடை வீங்கியபோதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கிடந்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

என் தங்கைக்குத் தொண்டை கம்மி மாதக்கணக்காகிறது. இப்போது எச்சில் விழுங்கினாலே காதுவரை குத்துகிறதாம். டாக்டரிடம் காட்டலாம் என்றால், "குழாயை உள்ள விட்டாங்கன்னா குரலே குலைஞ்சிரும் மச்சான்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். அவளும் அவர் பக்கம்தான். "அவர் பாத்துக்குவாருண்ணே" என்பாள், பாதி காற்றும் பாதி குரலுமாக.

அவள் குரலையும் அடிக்கடி பதிவு செய்கிறார். குரல் தேயத் தேயத் திரையில் கோடுகள் தாழ்கின்றன. மனிதருக்கு அதில் மகிழ்ச்சி வேறு! "இந்தச் சிவப்புதான் கோபம். எப்படி ஆடிக்கிட்டு இருந்தது, இப்ப படுத்துடுச்சு பாருங்க. மனசு அடங்குது."

"அடங்குறது மனசு இல்ல மாப்ள, அவ தொண்டை!" என்று கத்தினேன்.

"உங்களுக்குத்தான் சிவப்பு ஜாஸ்தி மச்சான்" என்றார், சிரித்துக்கொண்டே.

நேற்று, ஆனது ஆகட்டும் என்று வாடகைக் காரோடு போய் நின்றேன். அவளும் ஒருவழியாகச் செருப்பை மாட்டினாள். "ஒரே ஒரு பதிவு எடுத்துக்கறேன், அப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்று அவளை மைக் முன்னால் உட்கார வைத்தார். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் காற்றுதான் வந்தது. திரையில் ஒரு கோடும் எழவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கை விரலால் தட்டினார். பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் எகிறின. மைக்கை அவள் உதட்டோரம் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார்.