சாவு விழாத ஆஸ்பத்திரி

நர்ஸ் படிப்பு முடித்ததும் தென்காசியில் ஒரு டாக்டரின் சொந்த ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் வேலை. குற்றாலத்துக்குப் போகிற ரோட்டின் மேலேயே கட்டடம். சாரல் விழுந்துவிட்டால் போதும், அருவியில் குளிக்க வந்த பெரிய வீட்டுக்காரர்கள் சளிக்கும் சுளுக்குக்கும் அங்கேதான் வந்து படுப்பார்கள். அவர்கள் கண்ணில் ஒரு பிணம் பட்டுவிடக் கூடாது. அதனால் யாருக்காவது முடியப்போகிறது என்று தெரிந்தால் டாக்டர் சிரித்த முகமாக, "சரியாப் போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார். உடனே ஒரு பிளஷர் கார் வரும். துணைக்கு என்னை ஏற்றிவிடுவார். சாவே விழாத ஆஸ்பத்திரி என்று நல்ல பேராம், பேரு!

முதலில் போனவர்கள் பழுத்த கிழவர்கள். சொந்த வீட்டில் உயிர் போவது நல்லதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் அனுப்பியது ஒரு பச்சை உடம்புக்காரியை.

டாக்டரின் பேரைக் கேட்டுச் சிவகிரியிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவள். இரண்டாவது பிரசவம். பிள்ளை நன்றாக இருந்தது. இவளுக்கு உதிரம் நிற்கவில்லை. உதடெல்லாம் வெளுத்துவிட்டது. "பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா ரத்தம் ஏத்துவாங்களே டாக்டர்" என்று அவர் அறைக்கே போய்க் கெஞ்சினேன்.

"அங்க போயிச் செத்தா எங்கருந்து வந்தான்னு கேப்பான். நம்ம பேருல்லா கெடும்? நீ காருல ஏறு" என்றார் அந்தப் பாவி.

முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் புருஷன், கையில் பிள்ளை. பின்னால் என் மடியில் அவள் தலை. ஊரைத் தாண்டியதுமே நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, வண்டியத் திருப்பச் சொல்லுங்க. இது வீட்டுக்குப் போற உடம்பு இல்ல. பாளையங்கோட்டைக்குப் போயிருவோம்."

அவர் திரும்பி முறைத்தார். "டாக்டரே சரியாப் போச்சுன்னு சொல்லுதாரு. நீங்க அவரவிடப் படிச்சவுகளோ? வாசல்ல ஆரத்தியோட காத்துக்கிட்டு இருக்காக. சும்மா வாங்கம்மா."

அவளும் புருஷன் பக்கம்தான். "யக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா. தலைதான் கலைஞ்சு கெடக்கு, சீவி விடுதியளா? அத்த பாத்தா ஏசுவாக" என்றாள். விரலாலேயே கோதிப் பின்னிவிட்டேன். அவளுக்குக் கீழே மடித்துப் போட்ட துணி நனைந்துகொண்டே இருந்தது. கடையநல்லூர் தாண்டும்போது பேச்சு நின்றது. புளியங்குடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிணம் என்று தெரிந்தால் ரோட்டிலேயே இறக்கிவிடுவேன் என்று முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"தூங்குதா. நீங்க ஓட்டுங்க" என்றேன்.

புருஷன் பிள்ளையிடம், "ஏலே, ஒங்கம்மா ஒறங்குதா, சத்தம் போடாத" என்று கொஞ்சிக்கொண்டே வந்தார்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு மாமியார் நின்றார். மூத்த பெண்பிள்ளை கார் கதவைப் பிடித்துக்கொண்டு குதித்தது. நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்ல?

வேலையை விடும்போது டாக்டர் முகத்தில் காறித் துப்பிவிட்டு வரத்தான் ஆத்திரம். என் அப்பா விடவில்லை. "சண்டை போட்டுட்டு வந்தா நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியிலயும் ஒன்னச் சேக்க மாட்டான். நல்லபடியாச் சொல்லிட்டு வா தாயி" என்றார். வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள் என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். அவருக்கு ஏக சந்தோஷம்.

கடைசி நாள் வெற்றிலை பாக்கும் சேலையும் வைத்துத் தட்டை நீட்டினார். எனக்குப் பதிலாக வந்த புது நர்ஸ் பக்கத்தில் நின்றாள். சின்னப் பெண். அவளிடம் என்னைக் காட்டி, "இவ வந்த பெறவு இங்கன ஒரு சாவு விழல, தெரியுமா? அம்புட்டுக் கைராசி. நீயும் இவ மாதிரி இருக்கணும்" என்றார்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தட்டை வாங்கி அங்கேயே மேஜைமேல் வைத்தேன். போயிட்டு வாரேன் என்று சொல்வதுதான் முறை. "நான் போறேன், டாக்டர்" என்றேன்.