எதிர்ச்சாரி வேறு வார்டு

எங்கள் வார்டு கவுன்சிலர் இறந்ததால் வந்த இடைத்தேர்தல் அது. என் கொழுந்தனார் போட்டியில்லாமல் ஜெயித்துவிடுவார் என்ற குஷியில், விருத்தாசலம் நகராட்சி அலுவலகத்தில் குடும்பமே உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு மனு வாங்கும் நேரம் முடியும்; அதற்கு இருபது நிமிடம் இருந்தபோது ஒரு பெண் வேட்புமனுவோடு ஓடி வந்தார். பீங்கான் ஆலையில் கோப்பைகளைத் தட்டி விரிசல் பார்க்கும் வேலை அவருக்கு. புடவையெல்லாம் வெள்ளை மண். முன்மொழிந்து கையெழுத்துப் போட அழைத்துவந்த தோழியின் பெயர் எங்கள் வார்டு வாக்காளர் பட்டியலில் இல்லை. அவர்கள் தெருவில் தோழியின் வீடு இருக்கும் எதிர்ச்சாரி வேறு வார்டு.

“முன்மொழியறவங்க இதே வார்டா இருக்கணும்மா,” என்றார் அதிகாரி.

அந்தப் பெண் மேசையை நகத்தால் தட்டிக்கொண்டே நின்றார். கோப்பையைத் தட்டித் தட்டி வந்த பழக்கம். பிறகு எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்து, நேரே என்னிடம் வந்தார்.

“அக்கா, ஒரு கையெழுத்து போடுங்க.”

“நான் அவருக்கு அண்ணிம்மா,” என்று கொழுந்தனாரைக் காட்டினேன்.

“ஓட்டு கேக்கலக்கா. நிக்கறதுக்குத்தான் கேக்கறேன்.”

மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன்.

கொழுந்தனார் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அத்தனை பேரில் என்னை ஏன் கேட்டார் அந்தப் பெண்? விரிசல் எங்கே இருக்கிறதென்று தட்டாமலே தெரிந்துவிடுமோ அவருக்கு?