ஜாமீனுக்கு வந்த சொந்தபந்தம்

கொலை முயற்சி வழக்கில் என் தம்பிக்கு செஷன்ஸ் கோர்ட் ஜாமீன் மறுத்தது. பெங்களூரில் வாடகை அறையில் தனியாக இருப்பவன், கேட்க ஆளில்லை, ஓடிவிடுவான் என்றது உத்தரவு. வீடு வாசல், குடும்பம் எல்லாம் இருப்பதை ஹைகோர்ட்டில் காட்டலாம் என்றார் வக்கீல். அவர் மனதில் இருந்தது ரேஷன் கார்டு. என் மாமா மனதில் இருந்தது ஆட்கள்.

விசாரணையன்று எங்கள் ஊரான கோலார் தங்கவயலிலிருந்து வந்த ரயிலிலிருந்து கல்யாணக் கூட்டமே இறங்கியது. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, சித்தி கையில் புளிசாத டப்பா வேறு. கோர்ட் ஹாலில் நிற்க இடமில்லை.

"நாம யாருன்னு ஜட்ஜய்யா பாக்கட்டும்" என்று மாமா மீசையைத் தடவினார்.

பார்த்தார். இத்தனை பேர் பின்னால் நின்றால் சாட்சி எப்படி வாயைத் திறப்பான் என்று அரசு வக்கீல் எங்களைக் காட்டிக் கேட்டார். மனு தள்ளுபடி. கீழ்க்கோர்ட்டில் ஆளில்லாதவன், அதனால் ஓடுவான். மேல்கோர்ட்டில் ஆளிருப்பவன், அதனால் மிரட்டுவான். அவன் குற்றம் செய்தானா என்ற கேள்வி மட்டும் இன்னும் வரிசையில் நிற்கிறது.

வராந்தாவில் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டு, இனி சுப்ரீம் கோர்ட்தான் என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது.

"டெல்லிக்கு எத்தினி டிக்கெட் போடட்டும் சார்?"