கரைக்குள் போன கேர்ன் டெரியர்

எங்கள் பள்ளியின் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை சீமைக்குக் கப்பலேறும்போது தம் நாயை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேர்ன் டெரியர் என்பது அதன் ஜாதி. ஸ்காட்லாந்து மலைகளில் கிடக்கும் கற்குவியலுக்குக் கேர்ன் என்று பெயராம். அந்த இடுக்குகளில் ஒளியும் நரியையும் நீர்நாயையும் பிடிக்கவே வளர்த்தெடுத்த இனம். நுழைவதற்குச் சின்ன உடம்பு. சிக்கிக்கொண்டால் பிடித்து இழுக்க, அடி பருத்த குட்டை வால். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் வீட்டில் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த வேறு ஆள் கிடையாது.

"இதா நரி புடிக்கும்? தேங்காத் தும்புக் கெட்டு மாதிரில்லா இருக்கு!" என்றார் சித்தப்பா.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பி நின்ற ஒரு காலையில், அது குளக்கரையின் வயல் பக்கமிருந்த பெருச்சாளி வளைக்குள் புகுந்துவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே இருப்பதை முடிக்காமல் திரும்புகிற பிறவியல்ல அது. வளையின் வாயில் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. கீழே அப்பா பாட்டமாக, குத்தகைக்கு, எடுத்த வயலில் நட்ட நாற்று அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது.

அப்பா களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து உருட்டி வைத்துவிட்டார். அடைத்தால் நாய் போயிற்று. அடைக்காவிட்டால் வயல்.

சித்தப்பா புகைச்சட்டியோடு வந்தார். வளையின் வாயில் ஓட்டைச் சட்டியைப் பொருத்தி வைக்கோல் புகையை உள்ளே ஊதுவார்கள். எங்கள் ஊரில் எலி பிடிப்பது அப்படித்தான்.

"பொகையப் போட்டா சவம் தன்னால வரும். நவுருட்டி."

"வராது சித்தப்பா. இன்னும் உள்ளதான் போவும். மூச்சு முட்டிச் செத்துரும்."

"பள்ளிக்கூடத்துல நாய்ப்பாடமும் உண்டோ?"

"உண்டு," என்றேன்.

கரையில் காதை வைத்தேன். மண்ணுக்குள் குரைப்பு கேட்டது.

"அப்பா, இங்கதான் கெடக்கு. வெட்டுங்க."

"கரைய வெட்டுனா குளம் மொத்தமும் வயலுக்கு வந்துரும் மக்ளே."

அது உண்மைதான். மறுபடி கரையில் காதை வைத்தேன். குரைப்பு நின்றிருந்தது. அப்பா களிமண் உருண்டையைக் கையில் எடுத்தார்.

நான் சேற்றில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டேன்.

"நான் கைய எடுத்த பொறவு அடையுங்கப்பா."

உருண்டை என் தலைக்கு மேல் காத்திருந்தது. விரலில் முதலில் ஈர மயிர் பட்டது, பிறகு வால். அடியோடு பற்றி இழுத்தேன். வரவில்லை. எதிர்த்துக் காலை ஊன்றியது. உயிர் இருக்கிறது! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தேன். பெருச்சாளியைக் கவ்விய வாயோடு நாய் பின்பக்கமாக வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் பீறிட்டது. அதுவரை வளையை அடைத்திருந்தது அதன் உடம்புதான்.

அப்பா உருண்டையை அறைந்து முழங்கையால் அழுத்தினார். சித்தப்பா சட்டியைப் போட்டுவிட்டுக் கல் தூக்கி ஓடிவந்தார். மூன்றாவது கல்லுக்குப் பிறகு தண்ணீர் நின்றது.

நாய் உடம்பை உதறியது. பெருச்சாளியைக் கீழே போட்டுவிட்டு, அடைத்த இடத்தைத் தோண்டப் பாய்ந்தது.

"ஏட்டி, வாலப் பிடி!" என்று அலறினார் சித்தப்பா. "வால விட்டிராதே!"